நாடு தழுவிய ஆபத்துகளை முன்கூட்டிச் சொல்லத் தனி அலுவலகம் தேவையா?

வவுனியா மாணவன்:
சுனாமிக்குப் பின்னர் நிறைவேறிய 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நமக்கு ஓர் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தைத் தந்தது. வெள்ளமும் புயலும் வரும்போது அது மாவட்டச் செயலகங்களோடு சேர்ந்து இயங்குவதை வன்னியில் அனைவரும் கண்டிருக்கிறோம். ஆனால் 2021 இன் இரசாயனப் பசளை இறக்குமதித் தடையும், 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என்ற அறிவிப்பும் வானத்திலிருந்து விழுந்த அனர்த்தங்கள் அல்ல. இத்தகைய ஆபத்துகளைத் துறை கடந்து ஒன்றாகப் பார்த்து, எது எவ்வளவு சாத்தியம், வந்தால் எதையெல்லாம் இழுத்துக்கொண்டு போகும் என்று எழுதி வெளியிடும் அலுவலகம் நம்மிடம் இல்லை. பிரித்தானியா 2008 முதல் தேசிய ஆபத்துப் பதிவேட்டைப் பொதுமக்களுக்கு வெளியிடுகிறது. சிங்கப்பூர் 2004 இலேயே எதிர்கால அபாயங்களைத் தேடி ஆராயும் திட்டமொன்றைத் தொடங்கியது. இலங்கையும் அந்த வழியில் செல்ல வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

முத்தையன்கட்டுக் கமக்காரன்:
தம்பி, உங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் நோயை நீங்கள் சரியாகக் கண்டுபிடிக்கவில்லை என்றே நினைக்கிறேன். 2021 மே மாதத்தில் இறக்குமதி நிறுத்தப்பட்டபோது விளைச்சல் விழும் என்பதை விவசாய விஞ்ஞானிகளும் சொன்னார்கள், கமக்காரர் அமைப்புகளும் கூறின. நவம்பரில் தடையை நீக்கியபோது காலபோக விதைப்பு நடந்து முடிந்திருந்தது. யூரியா இல்லாத என் வயலில் குடலைப் பருவத்திலேயே பயிர் மஞ்சளித்து நின்றது. அறுத்துத் தூற்றியபோது பாதிக்கு மேல் பதர். அது நடக்கும் என்று எனக்கு முன்கூட்டிச் சொல்ல ஓர் அலுவலகம் தேவைப்படவில்லை. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலை எடுத்துக்கொள்ளுங்கள்: ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்தது, 21ஆம் திகதி குண்டுகள் வெடித்தன. இந்த நாட்டில் குறைவாக இருப்பது முன்னறிவு அல்ல, அறிந்ததன்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டிய கட்டாயம்தான். நீங்கள் மேற்கோள் காட்டும் பிரித்தானியப் பதிவேட்டிலும் பெருந்தொற்று முதல் வரிசையில் இருந்தது. இருந்தும் அந்த நாடு தவறான தொற்றுக்குத் தயாராகியிருந்தது என்று 2024 ஜூலையில் அவர்களுடைய கோவிட் விசாரணை ஆணைக்குழுவே எழுதியது.

இரணைமடு (ஓய்வுபெற்ற நீர்ப்பாசன அலுவலர்):
இருவரும் கொழும்பிலேயே நிற்கிறீர்கள். கிளிநொச்சியிலுள்ள இரணைமடுக் குளத்துக்கு நீர் தரும் கனகராயன் ஆறு வவுனியா மாவட்டத்தில் தொடங்குகிறது. அங்கே பெய்யும் மழை கிளிநொச்சிக்கு வந்து சேரச் சில மணி நேரம் உண்டு, அந்த மணிகள்தான் நமக்குள்ள முன்னெச்சரிக்கை. குளத்தை நிரப்பினால் சிறுபோகத்துக்கு நீர் உண்டு, முன்கூட்டித் திறந்தால் கீழேயுள்ள ஊர்கள் தப்பும். பின்னர் மழை ஏமாற்றினால், நீரை வீணாக்கியவன் என்ற பழி திறந்தவன் தலையில் விழும். 2018 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின்னர் வான்கதவுகள் உரிய வேளையில் திறக்கப்பட்டனவா என்ற விசாரணை நடந்ததற்கும் இந்த இக்கட்டே காரணம். தவறிப்போனாலும் பாதுகாப்புத் தரும் எழுத்து விதி இல்லாதவரை, கதவருகே நிற்கும் அலுவலர் மேலிடத்தின் தொலைபேசிக்காகவே காத்திருப்பார்.

வவுனியா மாணவன்:
ஐயா சொன்ன எழுத்து விதியைத்தான் நானும் கேட்கிறேன். கமக்கார ஐயாவின் உயிர்த்த ஞாயிறு உதாரணம் என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தாக்குதலின்போது ஜனாதிபதியாக இருந்த மைத்திரிபால சிறிசேன உள்ளிட்டோரை நட்டஈடு செலுத்துமாறு உத்தரவிட முடிந்தது என்றால், எச்சரிக்கை வந்ததற்கான ஆவணம் இருந்ததும் அதற்கு ஒரு காரணம். பசளைத் தடையின்போது விஞ்ஞானிகள் பேட்டிகளிலும் கடிதங்களிலும் சொன்னதற்கு அமைச்சரவை பதிலளிக்க வேண்டும் என்ற எந்தக் கடமையும் இருக்கவில்லை. எழுதப்பட்ட எச்சரிக்கை, அதற்கு ஏற்றுக்கொள்கிறேன் அல்லது மறுக்கிறேன் என்று காரணத்தோடு எழுதப்பட்ட பதில், இரண்டும் இருந்தால்தான் நீங்கள் கேட்கும் கட்டாயம் பிறக்கும்.

முத்தையன்கட்டுக் கமக்காரன்:
அப்படியானால் அதை எழுதப்போவது யார்? 2005 சட்டத்தின்படி அனர்த்த முகாமைத்துவத் தேசிய சபைக்குத் தலைவர் ஜனாதிபதி. தடையைப் போட்டவரே தலைமை தாங்கும் சபை, அவருடைய தடைதான் நாட்டுக்கு ஆபத்து என்று எழுதுமா? எழுதாது. கணக்காய்வாளர் நாயகம் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை கொடுப்பதுபோல இந்த அலுவலகமும் நாடாளுமன்றத்துக்கே பொறுப்புக் கூறுவதாக இருந்தால் நான் எதிர்க்கமாட்டேன். பின்லாந்து நாடாளுமன்றம் 1993 இலேயே எதிர்காலத்துக்கென ஒரு குழுவை அமைத்திருக்கிறது. ஆனாலும் அது கொழும்பில் இருந்துகொண்டு வன்னியை எழுதுவதை ஏற்கமாட்டேன். ஒவ்வொரு மாவட்டத்தின் ஆபத்தையும் அந்த மாவட்டத்தின் கமக்காரரும் மீனவரும் வைத்தியரும் அமர்ந்து எழுத வேண்டும், தேசியப் பட்டியல் அதிலிருந்து திரட்டப்பட வேண்டும்.

இரணைமடு:
அதற்கும் ஒரு நிபந்தனை வையுங்கள். கனகராயன் ஆற்றுக்கு வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி என மூன்று மாவட்டங்கள் சொந்தம். தனித்தனியாக எழுதினால் வவுனியாவின் மழை கிளிநொச்சியின் பட்டியலில் வராது.