வட்டிப் பாடமும் பிள்ளைகளின் சமயமும்: கணித ஆசிரிய பயிலுநர்களை எவ்வாறு ஆயத்தப்படுத்துவது?

கட்டுக்கரை (மன்னார்) – கேள்வி

மன்னார்ப் பெருநிலப்பரப்பில் இந்து, கத்தோலிக்க, முஸ்லிம் பிள்ளைகள் ஒன்றாகப் படிக்கும் ஒரு பாடசாலையில் பதினேழு ஆண்டுகளாகக் கணிதம் கற்பித்து வருகிறேன். கல்வியியற் கல்லூரியில் இரண்டு ஆண்டுகளை முடித்து, மூன்றாம் ஆண்டில் கட்டுறுப் பயிற்சிக்காக எங்களிடம் வரும் ஆசிரிய பயிலுநர்களுக்கு வழிகாட்டி ஆசிரியராகவும் இருக்கிறேன். இந்தத் தவணையில் நடந்த ஒன்றை உங்கள் முன் வைத்து ஆலோசனை கேட்க விரும்புகிறேன்.

பயிலுநர் ஒருவர் தரம் 11 இல் கடனும் வட்டியும் என்ற அலகைத் தொடங்கினார். நல்ல ஆயத்தத்துடன் வந்திருந்தார், கரும்பலகை எழுத்தும் தெளிவாக இருந்தது. இரண்டாவது உதாரணத்தின்போது ஒரு முஸ்லிம் மாணவி பேனையை மூடி வைத்துவிட்டு, “சேர், வட்டி எங்களுக்கு ஹராம். இந்தக் கணக்கை நாங்களும் செய்ய வேணுமா?” என்று கேட்டாள். அவளுடைய குரலில் எதிர்ப்பு இருக்கவில்லை, உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டாள். பயிலுநர், “இது கணிதம், சமய பாடம் இல்லை. சோதினைக்கு வரும், எழுதுங்கோ” என்று சொல்லிவிட்டு மூன்றாவது உதாரணத்துக்குப் போய்விட்டார். அவளும் எழுதினாள். ஆனால் அந்த வாரம் முழுவதும் அவள் கை உயர்த்தவில்லை. பிறகு அவளுடைய கொப்பியை எடுத்துப் பார்த்தேன். முந்திய அலகுகளில் பக்க ஓரங்களில் பென்சிலால் தானே முயன்று, அழித்து, மீண்டும் எழுதிய தடங்கள் நிறைய இருந்தன. வட்டிக் கணக்குகள் வந்த பக்கங்களிலோ கரும்பலகையில் இருந்தது மட்டும் எழுத்துப் பிசகாமல் இருந்தது.

அந்தப் பயிலுநர் கடுமையானவர் அல்லர். ஞாயிறு தோறும் தம் பங்குத் தேவாலயத்தில் சிறுவர்களுக்கு மறைக்கல்வி கற்பிப்பவர், அங்கே பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பொறுமையாக விடை சொல்பவர். மாலையில் நான் இதைப் பற்றிப் பேசியபோது, “நான் என் சமயத்தை வகுப்பு வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறேன், பிள்ளைகளும் அப்படித்தானே வர வேண்டும்?” என்று கேட்டார். எனக்கு உடனே விடை சொல்ல முடியவில்லை.

க.பொ.த. சாதாரண தரத்தில் கணிதமும் சமயமும் இரண்டுமே கட்டாய பாடங்கள். சமய பாடவேளையில் எங்கள் பிள்ளைகள் வெவ்வேறு அறைகளுக்குப் பிரிந்து போகிறார்கள், மணி அடித்ததும் திரும்பி வந்து கணிதத்துக்காக ஒன்றாக அமர்கிறார்கள். அந்தச் சில நிமிடங்களுக்குள் அவர்களுடைய சமயம் எங்கோ போய்விட்டது என்பதுபோல நாங்கள் கற்பிக்கிறோம். பயிலுநர்களை இதற்கு எவ்வாறு ஆயத்தப்படுத்துவது?

முசலி ஆசிரியை – பதில்

வணக்கம் சேர். அந்த மாணவியின் இடத்தில் நானும் ஒரு காலத்தில் இருந்திருக்கிறேன் என்பதால் எழுதுகிறேன். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எங்கள் குடும்பமும் புத்தளத்துக்குப் போனது. அங்கே இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்கான மாலை நேர வகுப்பில்தான் நான் வட்டிக் கணக்கைப் படித்தேன். இதே கேள்வியை வீட்டில் கேட்டேன். வட்டி வாங்குவதும் கொடுப்பதும் விலக்கப்பட்டவை, வட்டியைக் கணிக்கத் தெரிந்திருப்பது விலக்கப்படவில்லை, தெரியாதவனைத்தான் எவரும் இலகுவாக ஏமாற்றுவார்கள் என்று என் தந்தையார் சொன்னார். எங்கள் மௌலவியும் அதையே சொன்னார். அந்த ஒரு வசனத்துக்குப் பிறகு எனக்கு அந்த அலகு பிடித்துப்போய்விட்டது. ஆகவே வட்டியைத் தவிர்க்கும்படியோ முஸ்லிம் பிள்ளைகளுக்கு வேறு கணக்குக் கொடுக்கும்படியோ பயிலுநர்களிடம் தயவுசெய்து சொல்லாதீர்கள். அது அவர்களைப் பரீட்சையிலும் வாழ்க்கையிலும் பின்தள்ளும். கேள்வி கேட்ட பிள்ளைக்கு ஒரு நிமிடம் நின்று மதிப்புடன் விடை சொல்லும் துணிவைத்தான் பயிற்சி கொடுக்க வேண்டும்.

நான் இந்த அலகை நுண்கடனிலிருந்து தொடங்குகிறேன். போருக்குப் பிறகு வன்னியில் எத்தனை தாய்மார் அந்தக் கடனில் அகப்பட்டார்கள் என்பது எந்தச் சமயத்துப் பிள்ளைக்கும் தெரியும். 50,000 ரூபாய் கடன், ஆண்டுக்கு 20 சதவீத வட்டி, 12 மாதத் தவணை என்று வைத்துக்கொள்வோம். வட்டி 10,000, மாதம் 5,000 கட்ட வேண்டும். பார்க்க நேர்மையான கணக்குப்போலத் தெரியும். ஆனால் முதல் மாதத்தில் மட்டுமே கடன் முழுவதும் கையில் இருக்கிறது. அதை 12 பங்காக வைத்தால் அடுத்த மாதம் 11 பங்கு, அதற்கடுத்த மாதம் 10 பங்கு என்று குறைந்து, ஒரு பங்கு ஒரு மாதம் கையில் இருப்பதை ஒரு மாத அலகு எனக் கொண்டு கூட்டினால் 78 மாத அலகுகள்தான் வருகின்றன. கடன் முழுவதும் ஆண்டு முடியும் வரை கையில் இருந்திருந்தால் 144 அலகுகள் வந்திருக்கும். 20 ஐ 144 ஆல் பெருக்கி 78 ஆல் வகுத்தால் உண்மையான வீதம் ஏறத்தாழ 37 சதவீதம். இந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதும்போது வகுப்பு அடங்கிப்போகும். சைவப் பிள்ளை ஒருத்தி, “இதற்காகத்தானா ரீச்சர் உங்கள் ஆட்கள் வட்டி கூடாது என்கிறார்கள்?” என்று ஒருமுறை கேட்டாள்.

வசதியுள்ள முஸ்லிம்கள் கட்டாயமாகக் கொடுக்க வேண்டிய தானமான சகாத்தின் கணக்கையும் கொடுக்கிறேன். சேமிப்புக்கு நாற்பதில் ஒன்று, அதாவது 2.5 சதவீதம். விளைச்சலுக்கு வேறு கணக்கு: மழையை நம்பி விளைந்ததில் பத்தில் ஒன்று, இறைத்துப் பாய்ச்சி விளைந்ததில் இருபதில் ஒன்று. ஒரு பையன், குளத்து வாய்க்கால் தண்ணீர் எதில் சேரும் என்று கேட்டான். வகுப்பே வாதாடியது. தீர்ப்பை மௌலவியிடம் விட்டுவிட்டு, இரண்டு வகையாகவும் கணித்து வித்தியாசம் எத்தனை மூடை என்று கண்டோம். இப்படி எதுவும் செய்யாமல், 9 ஆம் நூற்றாண்டில் பக்தாதில் அட்சரகணிதம் எழுதிய அல் குவாரிஸ்மியின் படத்தை மட்டும் சுவரில் ஒட்டிவைப்பதால் பிள்ளைக்கு ஒரு பயனும் இல்லை. அவருடைய நூலில் ஏறத்தாழப் பாதி பாகப்பிரிவினைக் கணக்குகள் என்பதையாவது சொல்லிக் கொடுக்கலாம்.

நந்திக்கடல் – பதில்

இருவர் எழுதியதையும் மதிக்கிறேன், ஆனாலும் ஒரு கவலை இருக்கிறது. முல்லைத்தீவில் நான் கற்பிக்கும் பாடசாலையில் தரம் 11 பாடத்திட்டத்தை முடிப்பதற்கே பாடவேளைகள் போதவில்லை. கணிதத்தில் சித்தியடையாத பிள்ளைக்கு உயர்தரத்தின் வாசல் ஒடுங்கிவிடுகிறது. அந்தப் பிள்ளைக்கு நாம் செய்யக்கூடிய மிகப் பெரிய நீதி கணிதத்தைத் தெளிவாகக் கற்பிப்பதுதான் அல்லவா? எந்த ஊரிலும் எந்தச் சமயத்தவருக்கும் முக்கோணியின் கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகைதான். இவ்வளவு பிரிவினைகளைக் கண்ட இந்த மண்ணில், எல்லோருக்கும் பொதுவாக எஞ்சியிருக்கும் ஒரு பாடவேளைக்குள்ளும் சமயத்தைக் கொண்டுவருவது புதிய பிளவுகளுக்கு இடம் கொடுத்துவிடாதா?

ஓய்வுபெற்ற ஆசிரிய ஆலோசகர் (கிளிநொச்சி) – பதில்

நந்திக்கடல் அவர்களின் கவலை நியாயமானது. பாடத்தைத் தெளிவாகக் கற்பிப்பது முதற் கடமை என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் தெளிவான கற்பித்தல் வகுப்பிலுள்ள எல்லோரையும் சமமாகச் சென்றடைகிறது என்று நாம் எடுத்துக்கொள்கிறோமே, அங்கேதான் நான் பல ஆண்டுகள் தவறினேன்.

மீள்குடியேற்றத்துக்குப் பிந்திய ஆண்டுகளில் சாதாரண தர மாணவருக்கான கணிதச் செயலமர்வுகளை வெள்ளிக்கிழமை நண்பகல் 12 மணிக்கு வைத்தேன். முஸ்லிம் பையன்கள் ஒன்றரை மணிக்குப் பிறகே வந்து சேர்ந்தார்கள், வந்ததும் எதுவும் விளங்காமல் இருந்தார்கள். அவர்களுக்குக் கணிதத்தில் அக்கறை குறைவு என்று என் குறிப்பேட்டிலேயே எழுதி வைத்தேன். அவர்கள் ஜும்ஆ தொழுகையை முடித்துவிட்டு, வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தவர்கள். நான் சைவன், வெள்ளிக்கிழமை எனக்குக் கோயில் மாலையில்தான், அதனால் அந்த நேரம் எனக்கு வெறும் ஓய்வு நேரமாகத் தெரிந்தது. என் சமயத்தை வாசலில் விட்டுவிட்டு வந்ததாகத்தான் நானும் நினைத்திருந்தேன், ஆனால் அது என் நேர அட்டவணைக்குள் இருந்தது. நோன்பு மாதமும் அப்படித்தான். முஸ்லிம் பாடசாலைகளுக்கு ரமழானில் விடுமுறை உண்டு, தமிழ்ப் பாடசாலையில் படிக்கும் முஸ்லிம் பிள்ளை நோன்புடன் கடைசிப் பாடவேளைக் கணிதத்தில் அமர்ந்திருக்கும்.

அமெரிக்கக் கணித ஆசிரியர்களின் தேசியப் பேரவை 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட பாடசாலைக் கணிதக் கொள்கைகளில் சமத்துவத்தையே முதலாவதாக வைத்தது. பின்னர் ரொஷெல் குட்டியரஸ் என்ற கல்வியியலாளர் சமத்துவத்தை வாய்ப்பு, அடைவு, அடையாளம், அதிகாரம் என்ற நான்கு முகங்களில் பார்க்கச் சொன்னார். நமது வலயங்களில் சித்தி வீதம் என்ற பெயரில் அடைவை மட்டும் அளக்கிறோம். கட்டுக்கரை அவர்கள் பார்த்த கொப்பியில் அடைவு குறையவில்லை, விடைகள் எல்லாம் சரிதான். குறைந்தது அந்தப் பிள்ளை தன்னைக் கணிதம் செய்பவளாக எண்ணியிருந்த எண்ணம்.

பயிலுநர்களுக்கு விரிவுரையை விட ஒரு தாள் அதிகம் உதவும் என்பது என் அனுபவம். வகுப்பின் இருக்கை வரைபடத்தை ஒரு தாளில் வரைந்து, பின்வாங்கில் இருந்துகொண்டு, பயிலுநர் யாரிடம் “விடை என்ன?” என்று கேட்கிறாரோ அங்கே ஒரு புள்ளியும், “ஏன்?”, “எப்படி?” என்று கேட்கிறாரோ அங்கே ஒரு புள்ளடியும் இடுங்கள். பாடம் முடிந்ததும் ஒன்றும் சொல்லாமல் தாளை அவர் கையில் கொடுங்கள். ஒரு பயிலுநரின் தாளில் புள்ளடிகள் எல்லாம் முன்வாங்கு இரண்டிலேயே விழுந்திருந்தன. பின்வாங்குகளில் 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுக்கும் அவருக்கும் சமயம் ஒன்றுதான். ஆகவே சமயத்தை மட்டும் தேடினால் போதாது, நம் பார்வை யாரைத் தாண்டிப் போகிறது என்று தேட வேண்டும். அந்தப் பயிலுநர் தாளை நீண்ட நேரம் பார்த்திருந்துவிட்டு, மறுநாள் வகுப்பின் இருக்கைகளைத் தாமே மாற்றினார்.

மூன்றாம் ஆண்டுப் பயிலுநர் – பதில்

ஆலோசகர் ஐயாவுக்கும் முசலி ரீச்சருக்கும் நன்றி. நான் கத்தோலிக்கன், இப்போது செட்டிகுளப் பக்கத்தில் பயிற்சியில் இருக்கிறேன். கல்லூரியில் எங்களுக்கு ஒளிவிழாவும் வாணி விழாவும் மீலாத் விழாவும் இருந்தன, ஒருவருக்கொருவர் உதவியும் செய்தோம். ஆனால் கணிதக் கற்பித்தல் முறைப் பாடத்தில், நீ வளர்ந்த சமயம் உன் கற்பித்தலில் எங்கே தெரிகிறது என்று ஒருவரும் எங்களைக் கேட்டதில்லை. எனக்கு ஆசிரியத் தொழில் ஓர் அழைப்பு என்ற எண்ணம் என் விசுவாசத்திலிருந்துதான் வந்தது, பின்தங்கிய பிள்ளையுடன் மாலையில் கூடுதலாக இருப்பதற்கான பொறுமையும் அங்கிருந்தே வருகிறது. அதை மறைக்கச் சொல்லாமல், அதே விசுவாசம் எனக்கு எதைக் காணாமல் செய்கிறது என்றும் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நந்திக்கடல் சேர் அஞ்சும் பிளவு என் வகுப்பில் நேரவில்லை என்பதற்காக ஒன்றைச் சொல்கிறேன். நோன்பு ஏன் ஒவ்வோர் ஆண்டும் முன்னே வருகிறது என்று ஒரு சைவப் பையன் கேட்டான். சந்திர ஆண்டு ஏறத்தாழ 354 நாட்கள், சூரிய ஆண்டு 365 என்று எழுதி, 11 நாள் வித்தியாசத்தை அவர்களையே கூட்டிப் பார்க்க வைத்தேன். 2030 ஆம் ஆண்டில் ரமழான் ஜனவரியிலும் டிசெம்பரிலுமாக இருமுறை தொடங்கும் என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். பிறகு உயிர்த்த ஞாயிறும் பூரணையைப் பார்த்தே வருகிறது என்று நான் சொல்ல, அம்மம்மாவின் பஞ்சாங்கத்தில் திதி எப்படிக் கணிக்கப்படுகிறது என்று அந்தப் பையன் தொடங்கினான். சந்திரன் சூரியனை விட்டு 12 பாகை விலகும் நேரம் ஒரு திதி என்றதும் 360 ஐ 12 ஆல் வகுத்து முப்பது என்றான். அதற்கு ஒரு பாடவேளைதான் சென்றது.

கட்டுக்கரை (மன்னார்) – கேள்வி கேட்டவரின் பதில்

எல்லோருக்கும் நன்றி. இந்தப் பதில்களைப் பயிலுநருடன் சேர்ந்து அமர்ந்து வாசித்தேன். வெள்ளிக்கிழமைச் செயலமர்வு பற்றிய பகுதிக்கு வந்தபோது அவர் என்னிடமிருந்து கைபேசியை வாங்கி இரண்டாம் முறையும் வாசித்தார். நுண்கடன் கணக்கை அவர் தம் கையால் செய்து பார்த்துவிட்டார், 36.9 வந்தது.

மாணவியைத் தனியே அழைத்துப் பேசுவதா, வகுப்பில் சொல்வதா என்று என்னிடம் கேட்டார். அவள் எல்லோர் முன்னிலையிலும் கேட்டாள், எல்லோர் முன்னிலையிலும் தட்டிவிடப்பட்டாள், ஆகவே விடையும் அங்கேயே சொல்லப்பட வேண்டும் என்றேன். “அன்று நீ கேட்டது நல்ல கேள்வி, நான் நின்று விடை சொல்லாமல் போனது பிழை” என்று தொடங்கப் போவதாகச் சொன்னார். செவ்வாய்க்கிழமை இரண்டாம் பாடவேளை. இருக்கை வரைபடத்தை இன்றே வரைந்துவிட்டேன், நான் பின்வாங்கில் இருப்பேன்.