சிதம்பரத்திலிருந்து நாகப்பட்டினம் வரை ஒரே நாள் கார்ப் பயணம்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கேள்வி:
அடுத்த மாதம் பெற்றோருடன் சிதம்பரத்திலிருந்து காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு, பூம்புகார், தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி ஆகிய ஊர்களைப் பார்த்துவிட்டு இரவே திரும்ப எண்ணியிருக்கிறோம். அப்பாவுக்கு மூட்டுவலி உண்டு; ஆனால் வரலாற்றில் அவருக்குத்தான் எங்கள் எல்லோரையும்விட ஆர்வம் அதிகம். இது ஒரே நாளில் முடியுமா?

பதில் 1:
காரை ஓட்டிக் கடந்துவிட முடியும், பார்க்க முடியாது. வேளாங்கண்ணியை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பூம்புகாரில் கடற்கரையோடு நின்றுவிடாமல், கீழையூரில் அகழ்ந்தெடுத்த செங்கல் படகுத்துறையையும் பல்லவனேசுவரத்தில் உள்ள புத்த விகாரத்தின் (துறவியர் மடத்தின்) அடித்தளத்தையும் அப்பாவுக்குக் காட்டுங்கள். பழைய துறைமுக நகரத்தில் இன்று கண்ணால் காணக் கிடைப்பவை அவைதாம். காரைக்கால் அம்மையார் கோயிலுக்குப் போவதாக இருந்தால், நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

பதில் 2:
தரங்கம்பாடிக்கு மட்டும் குறைந்தது மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள் என்பது என் வேண்டுகோள். 1792-இல் கட்டிய நகர வாயிலுக்குள் கார் நுழைந்ததுமே ஒரே நேர்த் தெருதான். அதில் ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு 1718-இல் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயமும், தெருவின் கோடியில் 1620-இல் தொடங்கிய டேனிய (டென்மார்க் நாட்டினரின்) கோட்டையும் இருப்பதால் அப்பா அதிகம் நடக்க வேண்டியிராது. கோட்டைக்கு அருகில் கடலை ஒட்டி நிற்கும் மாசிலாமணிநாதர் கோயிலை அவசியம் பாருங்கள். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-இல் எழுந்த அந்தக் கோயிலின் முன்பகுதியை அலைகள் கொண்டுபோய்விட்டன. உப்புக்காற்று அரித்த கற்களைத் தொட்டுப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. டேனியர் 1845-இல் இந்த ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள் என்பதையும் அங்கே நின்றபடி அப்பாவிடம் சொல்லுங்கள். புறப்படும் முன் கோட்டை அருங்காட்சியகத்தின் விடுமுறை நாளை விசாரித்துக்கொள்வது நல்லது.

பதில் 3:
மேலே சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பழைய புத்த மடத்தைத் தேடி அலைய வேண்டாம். அங்கே எஞ்சி நின்ற பழைய பௌத்தக் கோபுரத்தை 1867-இல் இடித்துவிட்டார்கள். அந்த மண்ணில் கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகள் பலவற்றைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில்தான் காணலாம். அந்த நேரத்தை நாகூர் தர்காவுக்குக் கொடுங்கள். அங்குள்ள ஐந்து மனாராக்களில் (உயர்ந்த கோபுரங்களில்) 131 அடி உயரமுள்ள பெரிய மனாராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். மாலை வெயில் தணிந்தபின் சென்றால் பெரியவர்கள் முற்றத்தில் நிம்மதியாக உட்காரலாம்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் மிக்க நன்றி. வேளாங்கண்ணியையும் நாகப்பட்டினத்தையும் விட்டுவிட்டு, நாகூரோடு திரும்புவதாக முடிவு செய்திருக்கிறோம். மாசிலாமணிநாதர் கோயிலைப் பற்றிப் படித்துக்காட்டியதும், முதலில் அங்கேதான் போக வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார்.