வென்டிலேட்டரில் இருக்கும் அப்பாவுக்கு கொலிஸ்டின் நெபுலைசேஷன், ஊசியை நிறுத்திவிடலாமா?

திருச்சி மகள்:
அப்பாவுக்கு 68 வயது, பக்கவாதம் வந்து ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டரில் இருக்கிறார். சளி கல்ச்சரில் அசினிடோபாக்டர் என்ற கிருமி வந்திருக்கிறது, கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு மட்டும்தான் கேட்கும் என்கிறார்கள். ஊசியாக ஏற்கெனவே போகிறது, இன்றிலிருந்து அதே மருந்தை நெபுலைசர் வழியாகப் புகையாகவும் கொடுக்கப் போகிறார்களாம். கிட்னி பாதிப்பைக் காட்டும் கிரியேட்டினின் வேறு ஏறிக்கொண்டே போகிறது, பயமாக இருக்கிறது. புகை மட்டும் போதாதா?

ஐ.சி.யூ. டாக்டர்:
போதாதும்மா. கொலிஸ்டின் ரத்தத்திலிருந்து நுரையீரலுக்குள் இறங்குவது குறைவு, அதற்காக ஊசி டோஸைக் கூட்டினால் கிட்னி தாங்காது. நெபுலைஸ் செய்தால் கிருமி இருக்கிற இடத்திலேயே மருந்து நிறையச் சேரும், ரத்தத்துக்குப் போவது கொஞ்சம்தான். ஆனால் நிமோனியா முற்றிப்போன பகுதிக்குக் காற்றே சரியாகப் போகாது, காற்று போகாத இடத்துக்குப் புகையும் போகாது. அதனால்தான் ஊசியும் வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். அமிக்கசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கை ஊசி மருந்துகளோடு சேர்த்துப் புகையாகக் கொடுத்த ‘இன்ஹேல்’ என்ற ஆய்வு 2020இல் வெளிவந்தது, அதில் உயிர் பிழைத்தவர்கள் கூடவில்லை. அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கம் 2016இல் கொலிஸ்டின் ஊசி, புகை இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாம் என்றது, பிறகு வந்த வழிகாட்டுதலில் இந்த அசினிடோபாக்டருக்கு நெபுலைசேஷனைப் பரிந்துரைக்கவில்லை. சல்பாக்டம் என்ற மருந்தையும் கூடிய டோஸில் சேர்க்க முடியுமா என்று உங்கள் டாக்டரிடம் அவசியம் கேளுங்கள். கிரியேட்டினினுக்கு ஏற்ப ஊசி டோஸை மாற்றினார்களா என்றும் கேளுங்கள்.

நைட் டியூட்டி நர்ஸ்:
டாக்டர் சொன்னது சரி, ஆனால் கொடுக்கிற விதத்தில்தான் பாதி விஷயம் இருக்கிறது. பவுடரைக் கொடுப்பதற்குச் சற்று முன்புதான் கரைக்க வேண்டும், முன்கூட்டியே கரைத்து வைத்தால் மருந்து மாறி நுரையீரலைப் பாதிக்கலாம். மூச்சு வெளியேறும் குழாயில் ஃபில்டர் இருக்க வேண்டும், அதையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், ஏனென்றால் மருந்து படிந்து அடைத்துக்கொண்டால் வென்டிலேட்டர் அழுத்தம் ஏறிவிடும். குழாயில் ஈரப்பதத்துக்காக மாட்டியிருக்கும் ஃபில்டரை அந்த நேரத்தில் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் மருந்து அதிலேயே நின்றுவிடும். சிலருக்கு மூச்சு இழுப்பு வரும், அதனால் முதலில் மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் கொடுப்போம். மருந்தைச் சல்லடை வழியாகத் துளியாக்கும் மெஷ் நெபுலைசர் இருந்தால் அதையே கேளுங்கள் அக்கா, பழைய ஜெட் வகையில் நிறைய மருந்து வீணாகும்.

மதுரை வாசகர்:
அம்மாவும் வென்டிலேட்டரில்தான் இருக்கிறார், இன்னும் இன்ஃபெக்‌ஷன் வரவில்லை. இப்படிப் புகையை முன்கூட்டியே கொடுத்தால் தடுக்கலாமா டாக்டர்?

ஐ.சி.யூ. டாக்டர்:
பிரான்சில் செய்த ஒரு ஆய்வு 2023இல் வந்தது. வென்டிலேட்டரில் குறைந்தது 3 நாள் இருந்தவர்களுக்கு 3 நாள் அமிக்கசின் புகை கொடுத்தார்கள். நிமோனியா வந்தவர்கள் மருந்து பெற்றவர்களில் 15 சதவீதம், பெறாதவர்களில் 22 சதவீதம். ஆனால் அதனால் இறப்பு குறைந்ததாகத் தெரியவில்லை. தலைப்பக்கத்தை உயர்த்தி வைப்பதும், முடிந்தவரை சீக்கிரம் குழாயை எடுக்க முயல்வதும் நடக்கிறதா என்று முதலில் பாருங்கள், அப்புறம் இதைக் கேட்கலாம்.