நிறுவுதிறனில் பாதி பசுமை. இரவு 8 மணிக்கு எரிவது நிலக்கரி. மானியம் எங்கே போக வேண்டும்?

உச்சிவெயில் (கேள்வி)

2025 ஜூன் முடிவில் நாட்டின் மின் நிறுவுதிறன், அதாவது எல்லா நிலையங்களும் முழு அளவில் ஓடினால் தரக்கூடிய மின்சாரம், சுமார் 485 ஜிகாவாட். அதில் பாதிக்குச் சற்று மேல் நிலக்கரி, எரிவாயு, டீசல் சாராதது. 2030க்கு வைத்த இலக்கை ஐந்து ஆண்டு முன்னதாகவே தொட்டுவிட்டோம் என்று ஒன்றிய அரசு சொல்வது உண்மைதான். ஆனால் 2024-25இல் உற்பத்தியான மின்சாரத்தில் 70 சதவீதத்துக்கு மேல் நிலக்கரியில் இருந்துதான் வந்தது.

வீட்டுக் கூரையில் சோலார் வைக்க மானியம் தரும் பிரதமரின் சூரிய வீடு திட்டத்துக்கு 75,021 கோடி ரூபாய் ஒதுக்கி, ஒரு கோடி வீடுகளை இலக்காக வைத்திருக்கிறார்கள். 1 கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். பகலில் ஏற்கெனவே மிஞ்சும் மின்சாரத்தை இன்னும் கூட்டவா இந்தப் பணம்? மாலை நேரத் தட்டுப்பாட்டுக்கு, அதாவது சேமிப்புக்கு, திருப்பியிருக்கக் கூடாதா? எந்தக் கட்சி என்று பார்க்காமல் கணக்கு போட்டுச் சொல்லுங்கள்.

மின்கணக்கு

முதலில் நிறுவுதிறனை வைத்துப் பேசுவதையே விட வேண்டும். 100 மெகாவாட் சூரியப் பூங்கா 20 சதவீதப் பயன்பாட்டில் (இரவும் பகலும் சேர்த்துச் சராசரியாகத் திறனில் ஐந்தில் ஒரு பங்கு) ஒரு நாளைக்கு 480 மெகாவாட்மணி தரும். ஒரு மெகாவாட்மணி என்றால் 1,000 யூனிட். அதே 100 மெகாவாட் நிலக்கரி அலகு 70 சதவீதத்தில் 1,680 தரும். மூன்றரை மடங்கு. பாதி நிறுவுதிறன் பாதி மின்சாரம் ஆகாததற்குக் காரணம் இதுதான்.

பகலில் மிஞ்சுவது ஏன் என்பதையும் பார்க்கணும். நிலக்கரி அலகைக் காலையில் அணைத்துவிட்டு மாலையில் ஏற்ற முடியாது. கொதிகலன் முழுக்க ஆறிவிட்டால் மறுபடி முழுச் சுமைக்கு வரப் பல மணி நேரம் ஆகும். இரவுக்கு வேண்டும் என்பதால் மதியமும் குறைந்தபட்ச சுமையில் ஓட்டியே ஆக வேண்டும். அந்தக் குறைந்தபட்சத்தை 55 சதவீதத்திலிருந்து 40க்கு இறக்கச் சொல்லி மத்திய மின்சார ஆணையம் 2023இல் ஒழுங்குமுறை கொண்டுவந்தது. இறக்கலாம். ஆனால் ஒரு யூனிட்டுக்கு எரியும் கரி கூடும், ஏற்றி இறக்குவதில் கொதிகலன் குழாய்கள் சீக்கிரம் வெடிப்பு விடும். அந்தச் செலவை யார் தருவது என்று தீர்க்காதவரை எந்த நிலையமும் மனதோடு இறக்காது. நிலக்கரி விட்டுத் தராத இடத்துக்குச் சூரிய மின்சாரத்தைத்தான் வெட்டுகிறார்கள்.

அதனால் உங்கள் கேள்வியின் திசை சரி. 2025 பிப்ரவரியில் அதே ஆணையம், புதிய சூரியத் திட்டங்களில் திறனில் 10 சதவீதம், இரண்டு மணி நேரச் சேமிப்பு வைக்கச் சொன்னது. 100 மெகாவாட்டுக்கு 20 மெகாவாட்மணி. ஒரு நாள் உற்பத்தியில் நான்கு சதவீதம்! மாலை 6 முதல் 10 வரை 50 மெகாவாட் தொடர்ந்து கொடுக்க 200 மெகாவாட்மணி வெளியே வர வேண்டும். போக வர இழப்பு 15 சதவீதம் என்றால் 235 உள்ளே போக வேண்டும். பேட்டரி ஆண்டுதோறும் தேயும், வெயிலில் அதைக் குளிரவைக்கவே மின்சாரம் போகும். அதையும் சேர்த்து 250க்குக் கீழ் வாங்கக் கூடாது. சொன்னது 20, தேவை 250. வாதம் செய்ய வேண்டிய இடம் இது.

தாழ்வழுத்தம்

கூரைத் திட்டத்தை அப்படி ஒதுக்கிவிட முடியாது. பூங்காவிலிருந்து வரும் மின்சாரத்துக்கு உயரழுத்தப் பாதை வேண்டும், நிலம் வேண்டும். கூரைக்கு இரண்டும் வேண்டாம். நம் பக்கம் 1 கிலோவாட் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 4 யூனிட் தரும், அது அந்தத் தெருவிலேயே செலவாகிவிடும்.

என் குறை வேறு. மானியத்தில் பெரும்பகுதி வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது, தெரு டிரான்ஸ்பார்மருக்குப் போவது குறைவு. வீடுகள் செலவழித்தது போக மிஞ்சுவது கம்பியில் ஏறுவதால், பீடரின் (தெருவுக்கு மின்சாரம் கொண்டுவரும் பாதை) கடைசி வீடுகளில் மதியம் வோல்டேஜ் ஏறும். 253 வோல்ட்டைத் தாண்டினால் சோலார் இன்வெர்ட்டர் (பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் பெட்டி) தானாகத் துண்டித்துக்கொள்ளும், விதி அப்படி. நல்ல வெயில் நேரத்தில் ‘சோலார் வேலை செய்யவில்லை’ என்ற புகார்களில் நிறைய இந்த வகை.

பாதிக் குறை வீட்டுக்குள்ளேயே இருக்கும். 5 கிலோவாட் சிங்கிள் பேஸ் என்றால் கிட்டத்தட்ட 22 ஆம்பியர். இன்வெர்ட்டரிலிருந்து மீட்டர் வரை 30 மீட்டருக்கு 4 சதுர மி.மீ. செம்புக் கேபிள் போட்டால் அதிலேயே 6 வோல்ட் ஏறும். 10 சதுர மி.மீ. போட்டால் இரண்டரைக்குள் அடங்கும். கேபிளில் மிச்சம் பிடிக்கும் ஒப்பந்ததாரர் உங்கள் மதிய உற்பத்தியைத்தான் வெட்டுகிறார். மீதிக் குறை தெருவில். எல்லா வீட்டு சோலாரும் ஒரே பேஸில் மாட்டியிருந்தால் பிரித்து மாட்டணும். அதுவும் போதாவிட்டால் டிரான்ஸ்பார்மரின் டேப்பை (வெளிவரும் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் திருகு), சப்ளையை நிறுத்திவிட்டு, வோல்டேஜ் குறையும் பக்கம் ஒரு படி மாற்றணும். ஆனால் இரவில் லோடு ஏறும்போது அதே கடைசி வீட்டில் வோல்டேஜ் 216க்குக் கீழே போகாமல் இருக்கிறதா என்று அளந்துவிட்டுச் செய்ய வேண்டும்.

இன்னொன்று. 2025 நிலவரப்படி, இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாக வரும் தமிழ்நாட்டில், 300 யூனிட்டுக்குள் செலவழிக்கும் வீட்டுக்குக் கூரை சோலாரில் பெரிய மிச்சம் இல்லை. 500 யூனிட்டைத் தாண்டும் வீட்டுக்குத்தான் லாபம். ஆகவே ஒன்றிய மானியம் இங்கே வசதியுள்ள வீடுகளுக்கே போய்ச் சேருகிறது. இதை மாநிலமும் ஒன்றியமும் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும்.

ஆரல்காற்று

சேமிப்பு என்றதும் எல்லோரும் பேட்டரிக்குப் போகிறீர்கள். கோவை மாவட்டக் கடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று நிலையம் (மிஞ்சும் மின்சாரத்தில் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, வேண்டும்போது இறக்கி மின்சாரம் எடுப்பது) 1980களின் கடைசியிலிருந்து இருக்கிறது. ஏற்றச் செலவாகும் 100 யூனிட்டில் 75, 80 திரும்பி வரும். நீலகிரியின் குந்தாவில் இதேபோன்ற 500 மெகாவாட் (4 × 125) நிலையம் பல ஆண்டு தாமதப்பட்டது. அந்தத் தாமதத்துக்கு இரண்டு கழக ஆட்சிகளும் பதில் சொல்ல வேண்டும்.

காற்றும் அப்படித்தான். ஆரல்வாய்மொழி, பாலக்காட்டுக் கணவாய் இரண்டிலும் நல்ல காற்று வீசும் இடங்களைப் பிடித்து நிற்பவை 1990களின் 225, 250 கிலோவாட் இயந்திரங்கள். அதே காற்றில் இன்று 2, 3 மெகாவாட் இயந்திரம் இரவிலும் ஓடும். 2024இல் மாநில அரசு மறுசீரமைப்புக் கொள்கை வெளியிட்டது. நடைமுறையில் தடையாக நிற்பது நிலம்தான். பெரிய விசிறிக்கு இடைவெளி கூடுதலாக வேண்டும், ஆக நான்கு பழைய இயந்திரத்தை எடுத்தால் ஒன்றுதான் நிற்கும். நான்கு சொந்தக்காரர்கள், நான்கு பட்டா, ஒரே வருமானம். பங்கு பிரிக்கும் ஒப்பந்த மாதிரியை அரசே எழுதிக் கொடுத்தால் ஒழிய இது நகராது.

வாய்க்கால்வரப்பு

பேட்டரி, நீரேற்று எல்லாவற்றுக்கும் முன்னால் லோடை, அதாவது மின்சாரம் இழுக்கும் நேரத்தை, பகலுக்கு நகர்த்துங்கள். 5 எச்.பி. பம்ப் ஒன்று ஏறக்குறைய 4.5 கிலோவாட் இழுக்கும். ஒரு லட்சம் பம்பை இரவிலிருந்து பகலுக்கு மாற்றினால் 450 மெகாவாட், கடம்பாறையை விட அதிகம். தமிழ்நாட்டில் விவசாய இணைப்புகள் 20 லட்சத்துக்கு மேல்.

இதற்கு விவசாய பீடரைத் தனியாகப் பிரிக்க வேண்டும். விவசாயப் பம்புகளைச் சோலாருக்கு மாற்றும் ஒன்றிய அரசின் குசும் திட்டத்தில் பீடரையே சோலாருக்கு மாற்றும் பிரிவு இருக்கிறது. கூரை மானியத்தில் ஒரு பங்கை அங்கே திருப்பினால் பலன் பெரிது, விவசாயி பாம்பு நடமாடும் நேரத்தில் தோட்டத்துக்குப் போக வேண்டியதும் இல்லை.

உச்சிவெயில்

எல்லா பம்பும் காலை 9 மணிக்கு ஒன்றாகக் கிளம்பினால் டிரான்ஸ்பார்மர் தாங்குமா?

வாய்க்கால்வரப்பு

தாங்காது. எல்லோரும் ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டிருக்கிறார்கள், சப்ளை வந்ததும் ஒரே நொடியில் கிளம்பும். கிளம்பும்போது ஐந்து, ஆறு மடங்கு கரண்ட் இழுக்கும், வோல்டேஜ் படுத்துவிடும், மோட்டார் சுழலாமல் நின்று காயில் கருகும். ஸ்டார்ட்டரிலேயே தாமத டைமர் உண்டு. ஒரு டிரான்ஸ்பார்மரில் 15 பம்ப் என்றால் முதல் பம்புக்கு 20 நொடி, அடுத்ததுக்கு 40, அதற்கடுத்ததுக்கு 60 என்று ஏற்றிக்கொண்டே போக வேண்டும், ஐந்து நிமிடத்தில் எல்லாம் ஓடிவிடும். பீடரையும் இரண்டு குழுவாகப் பிரித்து 8 மணிக்கு ஒன்று, 11 மணிக்கு ஒன்று எனத் தொடங்கலாம். மோட்டாருக்குக் கெப்பாசிட்டர் (வீணாக இழுக்கும் கரண்டைக் குறைப்பது) இருக்கிறதா என்று அதே சமயம் பார்த்துவிடுங்கள், பாதி இடத்தில் கழற்றிப் போட்டிருப்பார்கள்.