கொசப்பேட்டை வீடு (குடும்பக் குழு)

சாந்தி: (படம்)

சாந்தி: மாடியில தொட்டி பக்கத்துல இது கீது. டிபன் பாக்ஸ், ஒயரு, செவப்பு லைட்டு விட்டு விட்டு எரியுது. யாரும் மேல போவாதீங்க

பாபு: இன்னாமா இது

தேவி: 112க்கு போன் பண்ணிட்டீங்களா சித்தி

சாந்தி: எதிர்வீட்டுக்காரர் பண்றேன்றார். தெரு குரூப்ல மர்மப் பொருள்னு போட்டுட்டார்

பரத்: சித்தி அது என்னுது

பரத்: தண்ணி ரொம்புனா கத்தும்

ரமேஷ்: யாரக் கேட்டு வச்ச? தொட்டி பொது

தேவி: ஆரம்பிச்சாச்சு

குமார் மாமா: படத்தப் பெருசாக்கிப் பாத்துட்டேன், பயப்படாதீங்க. எட்டுக் கால் கருப்பு சில்லு 555 ஐசி, லைட்ட மினுக்க வைக்கற டைமர். 1கே, 68கே ரெசிஸ்டர், 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் கூட இருக்கு. அந்தக் கணக்குக்கு லைட்டு செகண்டுக்கு ஒருவாட்டி மினுக்கும். குண்டு மாதிரி நேரம் எதையும் எண்ணல. மூணு கால் இருக்கறது பிசி547 டிரான்சிஸ்டர். தொட்டிக்குள்ள ரெண்டு ஒயர் போவுது. பேட்டரி பிளஸ் ஒயர் அடியில, இன்னொண்ணு விளிம்புக்கு நாலு விரக்கடை கீழ. தண்ணி மேல் ஒயரத் தொட்டா, தண்ணி வழியா துளி கரண்ட் டிரான்சிஸ்டரோட பேஸ் காலுக்கு வரும், அது சுவிச்சு மாதிரி ஆன் ஆவும், பஸ்ஸர் கத்தும். மொத்தத்துக்கும் ஒரே 9 வோல்ட் பேட்டரி. வெடிக்கறதுக்கு இதுல ஒண்ணுமில்ல.

பாபு: காவேரித் தண்ணி இன்னிக்கா நாளைக்கா

தேவி: நாளைக்கு

சாந்தி: லைட்டு எதுக்கு மினுக்கணும்ண்ணா? அதப் பாத்துதான் கைகால் ஆடிப்போச்சு

பரத்: பேட்டரி இருக்கான்னு தெரிய சித்தி

குமார் மாமா: சாந்தி கேக்கறது நியாயம். பரத், 555 சும்மாவே 5 மில்லிஆம்ப் கிட்ட இழுக்கும். லைட்டும் சேர்ந்தா சாதா பேட்டரி ரெண்டு மூணு நாள்ல படுத்துடும். 555, லைட்டு ரெண்டயும் கழட்டு. டிரான்சிஸ்டர் மட்டும்னா தண்ணி தொடற வரைக்கும் கரண்டே போவாது, மாசக்கணக்கா வரும். செம்புக் கம்பியும் வேணாம், பிளஸ் முனை பச்ச புடிச்சு அரிச்சுடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ போடு. போர் தண்ணி உப்பு படியும், அப்பப்ப தொடைக்கணும். பாக்ஸ் மேல "தண்ணி அலாரம்", உன் பேரு, போன் நம்பர் எழுதி ஒட்டு.

ரமேஷ்: சொல்லிட்டு செஞ்சிருக்கலாம்

மல்லிகா: தண்ணி உங்க செவுத்துல எறங்குதுன்னு நீங்க பேசுனதாலதான் புள்ள இத செஞ்சான் தம்பி

சாந்தி: அக்கா அத இப்ப எடுக்காதீங்க

சாந்தி: ஐயோ எதிர்வீட்டுக்காரர் ஒரு பக்கெட் தண்ணிய ஊத்திட்டார்

பரத்: ஏன்?!!

குமார் மாமா: பேட்டரிய உடனே கழட்டு. சுத்தத் தண்ணியில போர்டக் கழுவி, நல்லா காஞ்சப்பறம் மாட்டு. ஐசி, டிரான்சிஸ்டர் பொழச்சுக்கும், பஸ்ஸர் சந்தேகம்தான்.

குமார் மாமா: 2015ல டெக்சாஸ் இர்விங்ல அகமது முகமதுன்னு 14 வயசுப் பையன், பென்சில் பெட்டியில கடிகாரம் சேர்த்து ஸ்கூலுக்குக் கொண்டுபோனான். வெடிகுண்டு மாதிரி இருக்குன்னு வெலங்கு மாட்டுனாங்க, அப்புறம் வழக்கே போடல. 2007ல பாஸ்டன்ல பேட்டரி லைட்டு விளம்பரப் பலகைக்கு ரோட்டையே மூடுனாங்க. பஸ் ஸ்டாண்டுல கேட்பாரில்லாத பொருள்னா தொடாம 112 கூப்பிடறதுதான் சரி. வீட்டு மாடின்னா மொதல்ல வீட்ல கேளுங்க. படிக்குக் கீழ மோட்டார் ஸ்டார்ட்டர் மூடி இல்லாம ஆறு மாசமா தொங்குது. அதுல 230 வோல்ட். ஈரக் கையோட தொட்டா ஆள் காலி. அதுக்கு ஒருத்தரும் பயப்படல.

மல்லிகா: மூடி யார் போடறதுன்னுதான் பேச்சே

ரமேஷ்: மோட்டார் கரண்ட் பில்லு நான் கட்றேன்

மல்லிகா: பாதி

பாபு: அப்பா விடுங்க

தேவி: எதிர்வீட்டுக்காரர்கிட்ட யாராவது சொல்லுங்க, போலீஸ் வந்துடப் போவுது

சாந்தி: நான் சொல்லிட்டேன், நம்ப மாட்றார். பரத்து, நீ எறங்கி வந்து காட்டுப்பா

பரத்: வரேன் சித்தி. புது பஸ்ஸர் 5 வோல்ட்டா 12 வோல்ட்டா மாமா

குமார் மாமா: 3லேர்ந்து 24 வோல்ட்னு போட்டிருக்கும், அது வாங்கு. ஸ்டார்ட்டர் மூடி ஞாயித்துக்கிழம பேசி முடிங்க

ரமேஷ்: ஞாயித்துக்கிழம நாங்க ரத்னகிரி போறோம்