கேம்பிட்: பலியா, பணயமா, அடகா?

அனைவருக்கும் வணக்கம்.

சதுரங்கத்தில் ஆட்டத் தொடக்கத்திலேயே, நல்ல நிலைக்காக ஒரு சிப்பாயை எதிராளிக்கு நீட்டுவதுதான் கேம்பிட். நம் கலைச்சொல் பட்டியலுக்காக அதற்கு இதுவரை வந்திருக்கும் தமிழ்ச் சொற்கள் பலியாட்டம், களப்பலி, தூண்டில், கால்வாரி. கடைசிச் சொல்லைத் தந்த நண்பர் மூலத்தை விடாமல் பிடித்திருக்கிறார். 1561இல் ரூய் லோபஸ் சதுரங்கத்துக்குக் கொண்டுவந்த இத்தாலியச் சொல், காலை இடறி ஆளை விழவைப்பதைத்தான் குறித்தது. ஆனால் தமிழில் காலை வாருபவன் கூட இருந்தே குழி பறிப்பவன். எதிரில் உட்கார்ந்து, கண்முன்னே சிப்பாயை நீட்டுகிறவரை அப்படித் திட்ட வேண்டியதில்லை.

களப்பலி என்றதும் அரவான் நினைவு வந்து எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. போர் தொடங்குமுன், வெற்றிக்காக, தன் பக்கத்து ஆளையே கொடுப்பது. ஆனால் அந்தப் பலி காளிக்கு. கௌரவர்கள் அதை வாங்கிக்கொள்ளவில்லை. சதுரங்கத்திலோ எதிராளிதான் வாங்க வேண்டும், வேண்டாம் என்றும் சொல்லலாம். 'பலியை மறுத்தார்' என்று ஆட்ட வர்ணனையில் எழுதிப் பாருங்கள், சாமி கோபித்துக்கொண்டது போல இருக்கும். தவிர, நடு ஆட்டத்தில் குதிரையையோ யானையையோ வெட்டக் கொடுப்பதற்கு 'பலி' ஏற்கெனவே புழங்குகிறது. அங்கேயே இருக்கட்டும்.

கேம்பிட்டைப் பற்றிய பேச்சில் பெரும்பகுதி, எதிரே இருப்பவர் என்ன செய்யலாம் என்பதுதான். எடுக்கலாம், மறுக்கலாம், எடுத்துவிட்டுச் சமயம் பார்த்துத் திருப்பித் தரலாம், பதிலுக்குத் தானும் ஒன்றை நீட்டலாம். இந்த நான்கையும் ஒரே வேரிலிருந்து சொல்ல முடிகிறதா என்று பார்த்துத்தான் சொல்லை எடுக்க வேண்டும்.

எவன்ஸ் கேம்பிட்டையே பாருங்கள். 1820களில் வேல்ஸ் நாட்டுக் கப்பல் கேப்டன் ஒருவர் கொண்டுவந்தது. இ4 இ5, குதிரை எஃப்3 குதிரை சி6, மந்திரி சி4 மந்திரி சி5 (எழுத்து நெடுவரிசை, எண் குறுக்குவரிசை; முதலில் வெள்ளை, பிறகு கறுப்பு; காய்ப்பெயர் இல்லையென்றால் சிப்பாய்). இப்போது வெள்ளை பி4 என்று சிப்பாயை மந்திரியின் வாயிலேயே வைக்கிறது. மந்திரி அதை எடுத்ததும் சி3 வந்து விரட்டும். அடுத்து டி4, நடுக்களம் வெள்ளையின் கையில். 1995இல் ரீகாவில் காஸ்பரோவ் இதை ஆடினார். ஆனந்த் சிப்பாயை எடுத்து 25 நகர்த்தலில் தோற்றார். எடுத்ததே தப்பு என்று சொல்லிவிட முடியாது. முன்னாள் உலகச் சாம்பியன் லாஸ்கர் காட்டிய வழியில் கறுப்பு டி6 போட்டு, மந்திரியைப் பி6க்குப் பின்வாங்கி, சிப்பாயைத் திருப்பி எடுக்கவே விட்டுவிடும். வெள்ளை எடுக்கப் போனால் ராணிகள் வெட்டுப்பட்டு, அதன் ஏ, சி சிப்பாய்கள் துணையின்றி நிற்கும். தாக்குதல் அத்தோடு அடங்கிவிடும்.

இந்தத் திருப்பித் தருதலுக்குத் தூண்டில் இடம் கொடுக்காது. விழுங்கிய மீன் புழுவை எப்படித் திருப்பித் தரும்?

எனவே என் பரிந்துரை பணயம். பணய ஏற்பு, பணய மறுப்பு, எதிர்ப்பணயம் எல்லாம் தடங்கலில்லாமல் வருகின்றன. ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். குவீன்ஸ் கேம்பிட்டை 'அரசிப் பணயம்' என்றால் பாஞ்சாலி சபதம் ஆகிவிடும். அங்கே கொடுப்பது அரசியை அல்ல, அரசி பக்கத்து சி சிப்பாயை. ஆகவே 'அரசிப்பக்கப் பணயம்'.

———

மறுமொழி:

வணக்கம் ஐயா. பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் ஒரு மறுப்பு. பணயத்தில் ஆட்டம் முடிந்து தோற்றால்தான் பொருள் போகும். கேம்பிட்டில் சிப்பாய் முதலிலேயே போய்விடுகிறது, பதிலுக்கு ஏதோ உடனே கைக்கு வருகிறது. இது அடகு இல்லையா? அடகு வைத்தல், அடகு பிடித்தல், மீட்டல் என்று வினைகள் வரிசையாக இருக்கின்றன. தாக்குதல் புஸ்ஸென்று போனால் 'அடகு மூழ்கிப்போச்சு', அவ்வளவுதான்.

அரசிப்பக்கத்தில் மீட்பு எவ்வளவு சுலபம் என்று பாருங்கள். டி4 டி5, சி4. கறுப்பு சிப்பாயை எடுக்கிறது. வெள்ளை இ3. எடுத்ததை விடமாட்டேன் என்று பையன் பி5 போடுவான். வெள்ளை ஏ4. பையன் சி6 போட்டு முட்டுக்கொடுப்பான். ஏ சிப்பாய் பி5ஐ வெட்டும், சி சிப்பாய் அதைத் திரும்ப வெட்டும். இப்போது ராணி எஃப்3! ஏ8 மூலை வரை பாதை திறந்து கிடக்கிறது, யானைக்குப் போக்கிடம் இல்லை. குதிரையையோ மந்திரியையோ குறுக்கே தள்ளித்தான் யானையைக் காப்பாற்ற வேண்டும். வகுப்புக்கு வகுப்பு இதில் யாராவது மாட்டாமல் இருப்பதில்லை. சிப்பாயை எடுங்கள், ஆனால் கட்டிப்பிடித்துக்கொள்ளாதீர்கள் என்று சொன்னாலும் கேட்கமாட்டார்கள்.

———

மறுமொழி:

நன்றி ஐயா. மீட்பு, மூழ்குதல் இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். தலைச்சொல்லாக அடகை வைக்கத்தான் தயக்கம், காரணம் பென்கோ கேம்பிட். இதில் சிப்பாயை நீட்டுவது கறுப்பு. டி4 குதிரை எஃப்6, சி4 சி5, டி5 பி5. வெள்ளை பி5இலும் ஏ6இலும் எடுத்த பிறகு, கறுப்பு அந்தச் சிப்பாயை மீட்க அவசரப்படுவதே இல்லை. ஏ, பி வரிசைகள் இரண்டும் திறந்திருக்கும். யானைகளை அங்கே நிறுத்தி, ஜி7 மந்திரியை நீள மூலைவிட்டத்தில் வைத்து, ராணிகள் போன பிறகும் அழுத்திக்கொண்டே இருக்கலாம். மீட்கும் எண்ணமே இல்லாமல் வைத்ததை அடகு என்று எப்படிச் சொல்வது? வெள்ளைக்கும் இங்கே நல்ல மறுப்பு, ஏ6இல் எடுக்காமல் பி6 என்று முன்னே தள்ளி, வரிசைகளைத் திறக்க விடாமல் செய்வது. இதைப் 'பணயம் திருப்பல்' என்று சொன்னால் புரிகிறது.

ராஜா பக்கத்துக்கும், அதாவது கிங்ஸ் கேம்பிட்டுக்கும், பணயம் பொருந்துகிறது. இ4 இ5, எஃப்4 என்றதும் கறுப்பு எடுக்காமல் டி5 தள்ளினால் அது ஃபால்க்பீர் எதிர்ப்பணயம். 1960இல் மார் டெல் பிளாட்டாவில் இதே எஃப்4ஐ ஏற்று ஸ்பாஸ்கியிடம் தோற்ற ஃபிஷர், மறுவருடம் அந்தத் தொடக்க முறையையே உடைத்துவிட்டேன் என்று கட்டுரை எழுதினார். ஏற்றபின் டி6 என்பது அவர் சொன்ன மருந்து. இதைப் 'பணய ஏற்பு, ஃபிஷர் தடுப்பு' என்று எழுதினால் வாசிப்பவர் தடுமாறமாட்டார்.

வேறு மறுப்பு இல்லையென்றால் பட்டியலில் இப்படியே சேர்க்கிறேன்: பணயம், பணய ஏற்பு, பணய மறுப்பு, பணயம் திருப்பல், எதிர்ப்பணயம், பேச்சு வழக்கில் மீட்பு, மூழ்குதல். டெம்போவுக்கு (ஒரு நகர்த்தல் அளவு நேரம்) 'வேளை', 'நகர்த்தல் மிச்சம்' என்று இரண்டு வந்திருக்கின்றன. எனக்கு இரண்டாவது பிடிக்கவில்லை. வேறு யாராவது சொல்லுங்கள்.