பழைய அனலாக் சிந்த்: ஆசிலேட்டர் 2 மட்டும் சூடானா சுருதி சேர மாட்டேங்குது, ட்ரிம்மரை திருகி திருகி ஓய்ஞ்சுட்டேன்

ஒத்தக்கட்டை:
எல்லாருக்கும் வணக்கம். 70கள் கடைசியில வந்த ரெண்டு ஆசிலேட்டர் (ஸ்வரத்தை உண்டாக்கற சர்க்யூட்) மோனோ சிந்தசைசர் ஒண்ணு, செகண்ட் ஹேண்டுல எடுத்தது. எனக்கு முன்னாடி ரெண்டு மூணு கை மாறியிருக்கும்னு நினைக்கிறேன், உள்ள அங்கங்க சால்டர் பண்ண தடயம் இருக்கு. பிரச்சினை என்னன்னா ஆன் பண்ண உடனே ரெண்டு ஆசிலேட்டரும் அழகா சேந்து இருக்கும், அரை மணி நேரம் ஆனா ரெண்டாவது மட்டும் கெட ஆரம்பிக்கும். சரி ட்யூன் குமிழை திருகி நடு சி-யில சேத்துட்டு வாசிக்கலாம்னு பாத்தா, ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) மேல போனா 25 சென்ட் (அரை ஸ்வரத்துல நூறுல ஒரு பங்கு ஒரு சென்ட்) இறங்கி நிக்குது, ரெண்டு ஆக்டேவ் மேல போனா 50 சென்ட் கிட்ட. கீழ போனா அதுக்கு நேர் எதிர், சுருதி ஏறிக்குது. இது போதாதுன்னு எப்பவாச்சும் திடீர்னு அரை ஸ்வரம் எகிறிட்டு தானா திரும்பி வருது, முகப்பை ஒரு தட்டு தட்டினா அடங்கும்.

உள்ள ஸ்கேல்னு எழுதின ட்ரிம்மரை (ஆக்டேவ் இடைவெளியை சரி பண்ற குட்டி திருகு) சூடா இருக்கும்போது திருகி சரி பண்ணேன், அன்னிக்கு ராத்திரி பிரமாதம். மறுநாள் ஆன் பண்ணா மேல எல்லாம் ஏறிக்கிட்டு கீழ எல்லாம் இறங்கிக்கிட்டு ஒரே அபஸ்வரம். திரும்ப திருகினேன், திரும்ப அதே கதை. ஆசிலேட்டர் 1 சமத்தா இருக்கு, அதை நான் தொடவே இல்ல. பவர் சப்ளை ரெண்டு பக்கமும் 15 வோல்ட் காட்டுது. மல்டிமீட்டர் இருக்கு, ஸ்கோப் இல்ல. எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

ஈயப்பூச்சி:
40 வருஷத்துக்கு மேல ஆன மெஷின் ப்ரோ, கண்ண மூடிட்டு எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் எல்லாத்தையும் மாத்திடுங்க. பாதி பிரச்சினை அதோட போயிடும்.

அரைவோல்ட்:
ஈயப்பூச்சி தம்பி, கோவிச்சுக்காதீங்க, இதுக்கு கெபாசிட்டர் மாத்தி ஒரு பிரயோஜனமும் இல்ல. சப்ளை ஆடுச்சுன்னா ரெண்டு ஆசிலேட்டரும் சேந்துதான் ஆடும், கீபோர்டுல இருந்து வர்ற வோல்டேஜ் ஆடினாலும் அப்படித்தான். இங்க ஒண்ணு ஆடாம நிக்குது ஒண்ணு மட்டும் ஆடுது, அப்போ பொதுவா இருக்கிற எதுவும் குத்தவாளி இல்ல. எல்லாத்தையும் கழட்டி மாட்டினா இன்னும் ரெண்டு புது கோளாறுதான் வரும், அந்த காலத்து போர்டுல செம்பு கோடு சூடு பட்டா பேந்துட்டு வந்துடும்.

ஒத்தக்கட்டை, நீங்க 25, 50னு அளந்து சொன்னீங்க பாருங்க, அதுலயே பாதி விடை இருக்கு. சுருதி எப்படி கெடுதுங்கறத வச்சே எங்க கெட்டிருக்குன்னு ஓரளவு பிடிச்சிடலாம். எல்லா ஸ்வரமும் ஒரே அளவு தள்ளி நின்னா அது ட்யூன் குமிழ் பக்கம், இல்ல வேற எங்கயோ இருந்து வேண்டாத வோல்டேஜ் கலக்குது. கீழ் ஸ்தாயி மட்டும் கெட்டா லீக்கேஜ், ஏன்னா அடி ஸ்வரங்கள்ல ஆசிலேட்டரோட கெபாசிட்டரை சார்ஜ் பண்ற கரண்ட் ரொம்ப ரொம்ப கம்மி, போர்டுல படிஞ்ச சால்டர் ஃப்ளக்ஸ் அழுக்கே அதுல பங்கு கேக்கும். உச்சி மட்டும் இறங்கினா அந்த கெபாசிட்டர் ஒவ்வொரு சுத்துக்கும் ரீசெட் ஆக எடுக்கிற நேரம், அதுக்குன்னு தனியா ஹை ட்ரிம்மர் இருக்கும். உங்களுது இது எதுவும் இல்ல. ஆக்டேவுக்கு ஆக்டேவ் சமமா சுருங்குது, சூடானா சுருங்குது ஆறினா விரியுது. அது எக்ஸ்போ கன்வர்ட்டரோட குணம், அதாவது கீபோர்டு வோல்டேஜை ஆசிலேட்டருக்கு வேண்டிய கரண்டா மாத்தற பகுதி.

கீபோர்டு ஒரு ஆக்டேவுக்கு 1 வோல்ட் அனுப்புது இல்லையா, அது ட்ரான்சிஸ்டர் ஜோடியோட பேஸுக்கு போகும்போது வெறும் 18 மில்லிவோல்ட்டா குறைஞ்சு போகுது. அறை வெப்பத்துல கரண்ட் இரட்டிப்பாக ட்ரான்சிஸ்டருக்கு அவ்வளவுதான் வேணும். அந்த 18 நிலையா நிக்காது, ட்ரான்சிஸ்டர் சூடாக ஆக கூடும், ஒரு டிகிரிக்கு ஒரு சதவீதத்துல மூணுல ஒரு பங்கு. அதாவது 10 டிகிரி ஏறினா ஆக்டேவுக்கு 40 சென்ட் சுருங்கும். உங்களுக்கு 25, அப்போ பெட்டிக்குள்ள ஒரு ஆறேழு டிகிரி ஏறியிருக்கணும், கணக்கு சரியா வருது. இதை ஈடு கட்டத்தான் அந்த இடத்துல டெம்ப்கோ ரெசிஸ்டர்னு ஒண்ணு போடுவாங்க, சூட்டுக்கு அதுவும் அதே வேகத்துல ஏறும். உங்க மெஷின்ல அந்த ஈடு நடக்கல. ட்ரிம்மரை இனிமே தொடாதீங்க, அது எங்க நின்னாலும் ஏதோ ஒரு வெப்பத்துக்குத்தான் சரியா இருக்கும்.

சர்க்யூட் சிப்பா, தனித்தனி ட்ரான்சிஸ்டரா? சிஇஎம் 3340 மாதிரி சிப்னா இந்த ஈடு கட்டற வேலை உள்ளுக்குள்ளயே நடக்கும், அப்போ கதை வேற.

ஒத்தக்கட்டை:
அண்ணே ரொம்ப நன்றி, இவ்வளவு விளக்கமா எங்கயும் படிச்சதில்ல. 3340 இல்ல, சிஏ3046னு 14 கால் சிப் ஒண்ணு ஒவ்வொரு ஆசிலேட்டருக்கும் இருக்கு.

குளிர்ஸ்ப்ரே:
3046னா அஞ்சு ட்ரான்சிஸ்டர் ஒரே சிப்புக்குள்ள, அதுல ரெண்டுதான் ஜோடி. பழசானா அதுவும் போகும். ஃப்ரீஸ் ஸ்ப்ரே எடுத்து அந்த சிப் மேல லேசா அடிங்க, சுருதி தாறுமாறா ஓடுச்சுன்னா சிப் காலி. நான் அப்படித்தான் கண்டுபிடிச்சு மாத்தினேன்.

அரைவோல்ட்:
அய்யோ அதை பண்ணாதீங்க, பண்ணா நல்ல சிப்பும் கெட்ட சிப்பா தெரியும். சிப்பை மட்டும் திடீர்னு குளுர வச்சா டெம்ப்கோ இன்னும் சூடாத்தான் இருக்கும், ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசம் வந்து எந்த ஆசிலேட்டரா இருந்தாலும் சுருதி ஓடத்தான் செய்யும். ஆசிலேட்டர் 1 மேல அடிச்சு பாருங்க, அதுவும் ஓடும். ஃப்ரீஸ் ஸ்ப்ரே நல்ல ஆயுதம்தான், ஆனா விட்டு விட்டு வேலை செய்யற ஐசி, விரிசல் விட்ட சால்டர் இதுக்கெல்லாம் அடிக்கணும், எக்ஸ்போ ஜோடி மேல இல்ல.

பண்ண வேண்டியது இதுதான். பக்கத்துலயே நல்ல நிலைமையில ஒரு ஆசிலேட்டர் இருக்கு, இதை விட நல்ல மேப் கிடையாது. ரெண்டு போர்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு 3046 சிப்பை சுத்தி என்ன வித்தியாசம்னு கண்ணால பாருங்க. சிப் மேல ஒட்டிக்கிட்டு, இல்ல உரசிக்கிட்டு ஒரு ரெசிஸ்டர் இருக்கணும், நடுவுல சூடு கடத்தற வெள்ளை பேஸ்ட் இருக்கும். ரெண்டாவதுல அது விலகி நிக்குதா பாருங்க. பவர் கேபிளை உருவி ஒரு ஓரமா வச்சுட்டு கொஞ்ச நேரம் விட்டு திறங்க, ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கம் கை போக வேண்டாம். இன்னொண்ணு, ஓடிட்டு இருக்கும்போது அந்த பேஸ் முனையில மீட்டர் ப்ரோப் வச்சு அளக்காதீங்க, அந்த இடத்துல 1 மில்லிவோல்ட் ஆடினா 67 சென்ட் ஓடும், மீட்டர் வச்சதாலயே கெட்ட மாதிரி தெரியும்.

ஒத்தக்கட்டை:
அண்ணே!! பாத்துட்டேன். ஆசிலேட்டர் 1-ல சிப் மேல படுத்த மாதிரி ஒரு குண்டு ரெசிஸ்டர், பேஸ்ட் காய்ஞ்சு சுண்ணாம்பு மாதிரி இருக்கு. 2-ல சிப் முதுகுல அந்த வெள்ளை தடம் மட்டும் இருக்கு, ரெசிஸ்டர் சின்னதா நீல கலர்ல தள்ளி நிமிர்ந்து நிக்குது, சால்டரும் மத்ததை விட பளபளன்னு புதுசா இருக்கு. ஆனா மீட்டர் வச்சா ரெண்டும் 2கே (2000 ஓம்)-னு தான் காட்டுது, அப்போ இது நல்லாத்தானே இருக்குன்னு குழப்பம்.

அரைவோல்ட்:
புடிச்சாச்சு. முன்னாடி யாரோ உடைஞ்சதை மாத்தியிருக்காங்க, மதிப்பை மட்டும் பாத்து சாதா மெட்டல் ஃபிலிம் போட்டுட்டாங்க. ஆறின நேரத்துல மீட்டர் ரெண்டையும் ஒண்ணுன்னுதான் சொல்லும், அதனாலதான் இது வருஷக்கணக்கா தப்பிச்சுட்டே வரும். ஒவ்வொண்ணுலயும் ஒரு காலை மட்டும் கழட்டி மீட்டர் மாட்டி, ஹேர் ட்ரையரை கம்மி சூட்டுல தூரமா வச்சு ஊதுங்க. நிஜ டெம்ப்கோ டிகிரிக்கு 3500 பிபிஎம் (பத்து லட்சத்துல 3500 பங்கு), 2கே-க்கு டிகிரிக்கு 7 ஓம் ஏறும், சாதா ரெசிஸ்டர் அசையவே அசையாது. பக்கத்துல ஒளி ஊடுருவற மாதிரி பளபளன்னு உருளையா பாலிஸ்டைரீன் கெபாசிட்டர் இருந்தா அதை அட்டையால மறைச்சுக்குங்க, சூட்டுல சுருங்கிடும். துடைக்கணும்னா ஐசோப்ரொபைல் ஆல்கஹால் மட்டும், தின்னர் அசிட்டோன் பட்டா அது கரைஞ்சே போயிடும். நானே ஒண்ணை அப்படி கரைச்சு, அந்த மதிப்புக்கு வேற தேடி அலைஞ்சவன்தான்.

ஒத்தக்கட்டை:
ஊதி பாத்தேன். நல்லது 2.00ல இருந்து 2.12 வரைக்கும் ஏறுச்சு. நீலம் 2.00, ஊதின பிறகும் 2.00. சிரிப்பா வருது, இதுக்கா ரெண்டு மாசம் ட்ரிம்மரோட மல்லு கட்டினேன். 2கே டெம்ப்கோ எங்க தேடினாலும் இல்ல, 1கே 3300 பிபிஎம்தான் கிடைக்குது, பரவாயில்லையா?

அரைவோல்ட்:
ரெண்டு 1கே-வை சீரீஸ்ல, அதாவது ஒண்ணுக்கு பின்னாடி ஒண்ணா போடுங்க, ரெண்டும் சிப்பை தொட்டுட்டு இருக்கணும், அதுதான் முக்கியம். 3300ம் 3500ம் பெரிய வித்தியாசம் இல்ல. தெர்மல் பேஸ்ட் கொஞ்சமா வைங்க, கால் நடுவுல வழிய விடாதீங்க. மாட்டி மூடிய போட்டு ஒரு மணி நேரம் சூடாக விட்டு அப்புறம்தான் ஸ்கேல் ட்ரிம் பண்ணணும். ஆசிலேட்டர் 1-ஐயே துணைக்கு வச்சுக்குங்க. ஒரே கீயில ரெண்டையும் சேத்துட்டு ஒரு ஆக்டேவ் மேல போய் வொவ்வொவ்வுன்னு அலை அடிக்குதா கேளுங்க, ஸ்கேலை கொஞ்சம் திருகி, திரும்ப கீழ வந்து ட்யூனை சேத்து, திரும்ப மேல. ஆறேழு தடவை ஏறி இறங்கணும். ஹை ட்ரிம் கடைசி.

திடீர்னு எகிறுற விஷயம் தனி வியாதி, தட்டினா அடங்குதுன்னா காண்டாக்ட்தான், பெரும்பாலும் முகப்புல இருக்கிற ஃபைன் ட்யூன் குமிழோட பாட் (திருகற ரெசிஸ்டர்). மெதுவா இந்த கோடிக்கும் அந்த கோடிக்கும் சுத்திக்கிட்டே கேளுங்க, கரகரன்னு சுருதி தவ்வினா அதேதான்.

குளிர்ஸ்ப்ரே:
அப்போ நான் மாத்தின சிப் நல்ல சிப்பா இருந்திருக்குமோ... இன்னும் டப்பாவுல தான் கிடக்கு, எடுத்து மாட்டி பாக்கறேன்.

ஒத்தக்கட்டை:
பத்து நாள் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். ரெண்டு 1கே போட்டாச்சு. ரெண்டு மணி நேரம் ஓட விட்டு பாத்தேன், மூணு ஆக்டேவுக்குள்ள எங்கயும் 4 சென்ட்டுக்கு மேல போகல. எகிறுறதும் நின்னுடுச்சு, நீங்க சொன்ன மாதிரி பாட் தான், க்ளீனர் அடிச்சு நாப்பது அம்பது தடவை சுத்தினேன். இப்போ பாத்தா உச்சியில ஆசிலேட்டர் 1 தான் ஒரு 5 சென்ட் இறங்கி இருக்கற மாதிரி தெரியுது. அதோட ஹை ட்ரிம்மரை லேசா ஒரு திருகு திருகவா?

அரைவோல்ட்:
திருகுறதுக்கு முன்னாடி ட்ரிம்மர் இப்போ நிக்கிற இடத்தை மார்க்கர்ல ஒரு கோடு போட்டு வச்சுக்குங்க. கால் சுத்துக்கு மேல வேண்டாம்.